கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை

கேள்வி:
1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். 400 கி.மீ.க்கு ஏறத்தாழ 300 மி.லி. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை. நெரிசலில் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. நெடுஞ்சாலையில் மேடு ஏறினால்தான் சிவப்பை நோக்கிப் போகிறது. அப்போது ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்ட் வழியைத் திறந்து மூடும் வால்வு) மாற்றியும் பலனில்லை. அடுத்து ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1:
ரேடியேட்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதில் அடைப்பு மட்டும் இருந்தால் முதலில் சூடு ஏறும், பிறகுதான் கூலன்ட் கொதித்து வெளியேறும். உங்கள் வண்டியில் கூலன்ட் முதலில் போகிறது, சூடு அதன் பின்னால் வருகிறது. எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வருவதே அதற்குச் சாட்சி: ஹீட்டர் கோரில் (சூடான கூலன்ட் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) தண்ணீர் இல்லை, காற்று நிற்கிறது. நெரிசலில் சூடு ஏறாததால் ஃபேன் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கூலன்ட் மிகவும் குறைந்தால் சென்சார் தண்ணீரில் முழுகாமல் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் நடுவில் இருக்கும். கண்டுபிடிக்கும் வரை முள்ளை நம்பாமல், தினமும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவைப் பாருங்கள். சூட்டில் கூலன்ட் ஊற்றும் மூடியைத் திறக்கவே கூடாது.

மூடியிலிருந்து தொடங்குங்கள். அதன் மேல் 0.9 அல்லது 1.1 பார் என்று போட்டிருக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் சேர்ந்தால் கொதிநிலை 125-ஐத் தாண்டும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் போய்விடும், கூலன்ட் ஆவியாகவே கிளம்பிவிடும். மூடியில் உள்ளே இழுக்கும் சிறு வால்வு ஒன்றும் உண்டு. அது ஒட்டிக்கொண்டால் எஞ்சின் ஆறியதும் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கும்.

அடுத்து பிரஷர் டெஸ்டர், அதாவது மூடியின் இடத்தில் மாட்டிக் காற்றடிக்கும் கைப்பம்பு. குளிர்ந்த எஞ்சினில், மூடியில் போட்டிருக்கும் அளவு வரைக்கும் மட்டும் காற்றடித்து 15 நிமிடம் விடுங்கள். சூடான எஞ்சினில் சிறு கசிவு விழுந்த உடனே காய்ந்துவிடும். அதனால்தான் கீழே ஈரம் தெரிவதில்லை. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் கூடு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் நிறத்தில் காய்ந்த பொருக்கு இருந்தால் அதுதான் இடம். முன் இருக்கைப் பக்கம் கார்ப்பெட் ஈரமாக இருந்தாலோ, கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்காக மூடினாலோ ஹீட்டர் கோர்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே, ஓரிரு நிமிடத்தில், ஹோஸ் கல்லாக இறுகினால் அது வெப்பத்தால் வந்த அழுத்தம் இல்லை. சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) வழியாகக் கூலன்டில் ஏறுகிறது. கூலன்ட் வாயில் வைத்து எரிந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் பிளாக் டெஸ்டரின் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறினால் உறுதி. டெஸ்டருக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை கெட்டுவிடும், அளவைச் சற்று இறக்கிவிட்டுச் செய்யுங்கள். ஆயில் பால் போல ஆகவில்லை, அதனால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். கூலன்ட் வழிக்கும் சிலிண்டருக்கும் இடையே மட்டும் உடைந்திருந்தால் ஆயில் சுத்தமாகவே இருக்கும்.

கேட்டவர்:
மூடி 1.1 பார் தாங்குகிறது. டெஸ்டரில் 15 நிமிடத்தில் 1.1-லிருந்து 0.8-க்கு இறங்கியது, வெளியே எங்கும் ஈரமில்லை. மூன்றாவது சிலிண்டர் ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவியதுபோல வெள்ளையாக இருக்கிறது. திரவம் மஞ்சளாகிவிட்டது.

பதில் 1:
அப்படியானால் மூன்றாவது சிலிண்டர்தான். அந்தப் பிளக்கை நீராவி கழுவியிருக்கிறது. இனி வண்டியை ஓட்ட வேண்டாம். இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் தேங்கி, காலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லீக் அடைக்கும் பவுடரும் ஊற்றாதீர்கள். ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான் அது முதலில் அடைக்கும்.

பதில் 3:
ஹெட்டைக் கழற்றிய பின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் சில மாதத்தில் திரும்பவும் இதே கதைதான். சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள். பல எஞ்சின்களில் 0.05 மி.மீ. தான் எல்லை, உங்கள் எஞ்சினுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. தாண்டினால் லேத்தில் கொடுத்து மட்டம் செய்ய வேண்டும். அங்கேயே விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பிளாக்கின் மேல்தளத்தையும் அளக்க மறக்காதீர்கள், பலர் விடுவது அதைத்தான்.

குறிப்பிட்ட டார்க் (முறுக்கு விசை) வரை இறுக்கிய பின் டிகிரி கணக்கில் முறுக்கும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிது போடுங்கள். ஒருமுறை இழுபட்டு நீண்டுவிட்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ நிற்கக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக முறுக்க வேண்டும்.

நிரப்பும்போது வடித்த நீரும் கான்சன்ட்ரேட்டும் பாதிக்குப் பாதி. முன்பக்கத்தைத் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் ஸ்குரூவில் குமிழி வருவது நிற்கும் வரை ஊற்றுங்கள். முழுவதும் வடித்திருந்தால் உள்ளே போன அளவை மேனுவலோடு ஒப்பிடுங்கள்: 5 லிட்டர் பிடிக்க வேண்டியதில் 4 தான் போயிற்று என்றால் மிச்சம் காற்று. ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பின் ஆறவிட்டு அளவைச் சரிசெய்யுங்கள். முதல் 500 கி.மீ. வரை தினமும் காலையில் மார்க்கைப் பாருங்கள்.