ஊட்னடாட்டா பாதையில் குடும்பத்துடன் சொந்த வண்டியில் செல்வது எப்படி?

மரநிழல்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வசிக்கிறோம். வரும் ஜூலைப் பள்ளி விடுமுறையில், மாரீயிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளும் ஊட்னடாட்டா மண்பாதையை எங்கள் வண்டியிலேயே கடக்க ஆசைப்படுகிறோம். மனைவி, ஒன்பது வயது மகள், எழுபதைக் கடந்த என் அம்மா ஆகியோர் உடன் வருகிறார்கள். வண்டி ஃபோர் வீல் டிரைவ்தான் என்றாலும் இதுவரை தார்ச்சாலையைத் தவிர வேறெங்கும் ஓடியதில்லை. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? இரண்டு நாளில் முடித்துவிட முடியுமா?

செம்மண்:
வணக்கம் நண்பரே. ஜூலை மாதம் இங்கே குளிர்காலம் என்பதால் நல்ல தேர்வு. 1960 ஜனவரி 2 அன்று 50.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவான ஊர் ஊட்னடாட்டா என்பதால், கோடையில் அங்கே குழந்தையையும் முதியவரையும் அழைத்துச் செல்ல நான் சம்மதிக்கவே மாட்டேன். ஆனால் ஜூலை இரவுகளில் நல்ல குளிர் இருக்கும், கம்பளி அவசியம்.

எரிபொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய நான்கு இடங்களிலும் கிடைக்கும்; ஒன்றுக்கொன்று சுமார் 200 கிலோமீட்டர். ஒவ்வோர் இடத்திலும் விலை பார்க்காமல் முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டயர்தான். தார்ச்சாலையில் டயரின் காற்றழுத்தத்தை 38 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் சரளையில் 28 அல்லது 30 ஆகக் குறைத்துக்கொண்டு, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினால் கூர்மையான கற்கள் டயரைக் கிழிப்பது வெகுவாகக் குறையும். மீண்டும் காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரஸரும், முழு அளவு ஸ்டெப்னி இரண்டும் வேண்டும். புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பஞ்சரானபோது ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தானே மண்ணுக்குள் இறங்கியது. காய் நறுக்கக் கொண்டுபோன பலகையை அடியில் வைத்த பிறகுதான் வேலை நடந்தது. உங்கள் காப்பீடு மண்சாலையில் செல்லுபடியாகுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீரூற்று:
இரண்டு நாள் போதாது. அதைவிட முக்கியமாக, அப்படி இறுக்கமாகத் திட்டமிடுவது ஆபத்து. மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். மாரீயிலும் மார்லாவிலும் உள்ள அறிவிப்புப் பலகைகளில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தனித்தனியே காட்டியிருப்பார்கள். மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மழையில் வில்லியம் கிரீக்கில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. ஊருக்குள் வந்து சேர்வதற்குள்ளாகவே சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையில் களிமண் பிசைந்த மாவுபோல் அடைத்துக்கொண்டு சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டதால், ஒரு கரண்டியாலும் கையாலும் சுரண்டி எடுத்தோம். அம்மாவின் இன்சுலினையும் மற்ற மருந்துகளையும் குறைந்தது ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

நேரம் ஒதுக்கினால் அந்தப் பாதை கொடுப்பது ஏராளம். மாரீக்கு மேற்கே கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஐயர் ஏரியின் தென்பகுதியைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். ‘கான்’ (Ghan) என்ற ரயில் முன்பு ஓடிய பழைய பாதையின் சிதைவுகள் கூடவே வரும். நீல்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் ஆல்ஜபக்கினா இரும்புப் பாலத்தருகே என் மகன் ஒரு மணி நேரம் நகரவில்லை. பப்ளர் என்னும் ஊற்றில், நிலத்தடியிலிருந்து வரும் நீர் மணலைத் தள்ளிக்கொண்டு உலை கொதிப்பதுபோல் மேலெழும்.

வடதிசை:
இருவரும் சொன்னவற்றோடு நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று: வண்டி நின்றுபோனால் அதைவிட்டு அகலாதீர்கள். 1963 டிசம்பரில், மாரீயிலிருந்தே தொடங்கும் பேர்ட்ஸ்வில் பாதையில், வண்டியைக் கைவிட்டுச் சென்ற ஒரு குடும்பத்தின் ஐவரும் தண்ணீரின்றி இறந்தனர். வானிலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் தென்படும். அது நிழலும் தரும். ஊர்களுக்கு வெளியே கைப்பேசி வேலை செய்யாது என்றே கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியை வாடகைக்கு எடுங்கள். அவசரகாலச் சமிக்ஞைக் கருவியும் ஒன்று வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று நான் கணக்கிடுவேன். அதையும் ஒரே கேனில் வைக்க மாட்டேன், விரிசல் விட்டால் எல்லாம் போய்விடும். எந்த ஊரை எப்போது அடைவீர்கள் என்று வீட்டிலுள்ள ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். பொழுது சாயும் முன் வண்டியை நிறுத்திவிடுங்கள். கங்காருவும் மேய்ச்சல் மாடும் அந்நேரம் பாதைக்கு வரும்.

மரநிழல்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணத்தை ஆறு நாளாக மாற்றி, மழைக்காகத் தனியே இரண்டு நாள் ஒதுக்கிவிட்டேன். இந்த ஞாயிறன்று சக்கரம் மாற்றிப் பழகப்போகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு; அவரால் பப்ளர் ஊற்றுவரை நடக்க முடியுமா?

நீரூற்று:
தாராளமாக முடியும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிறிது தூரம்தான், ஊற்றை ஒட்டி நடைமேடையும் உண்டு. காற்று பலமாக வீசும் என்பதால் அவருக்குக் காதை மூடும் குல்லா ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.