ஐந்து வயதுப் பையன் எதையும் கழற்றிப் பார்க்கிறான், கையில் என்ன கொடுக்கலாம்?

அஸ்தம்பட்டி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் இருக்கிறோம், மகன் யூகேஜி படிக்கிறான். டார்ச், சுவர்க் கடிகாரம், தாத்தாவின் ரேடியோ, எது கிடைத்தாலும் திறந்து பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நேற்று மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துப் பிடித்து, "பிளேடு சுத்துது, அப்புறம் ஏன் அடியில தண்ணி ஒழுகல?" என்று கேட்டான்.

கடையில் விற்கிற செட்டுகளை அட்டைப் படத்தில் இருக்கிறபடி ஒரு தடவை செய்துவிட்டால், அப்புறம் தொடுவதே இல்லை. வீட்டில், தெருவில் கிடைப்பதை வைத்து ஏதாவது கட்டக் கொடுக்க ஆசை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கணுமா, அவன் போக்கில் விட்டுடணுமா? அத்தை "பொருளையெல்லாம் பாழாக்குறான்" என்று கவலைப்படுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கொண்டலாம்பட்டி தறி மெக்கானிக்:

அம்மா, முதலில் மிக்ஸி. பிளேடின் தண்டு ஜாரின் அடியில் புஷ் என்கிற உலோக வளையத்துக்குள் சுற்றுகிறது, தண்ணீர் இறங்காமல் ரப்பர் வாஷர் அதை அடைத்துக்கொள்கிறது. வாஷர் தேய்ந்தால் ஒழுகும். பழைய ஜார் இருந்தால் பிளேடை நீங்கள் கழற்றி வைத்துக்கொண்டு வாஷரை மட்டும் அவன் கையில் கொடுங்கள். தொட்டுப் பார்த்தால் அவனுக்கே புரியும்.

கட்டுவதற்கு எங்கள் பக்கம் விசைத்தறிப் பட்டறைகளில் காலி நூல் கோன் கேட்டு வாங்குங்கள். அடுக்கலாம், உருட்டலாம், ஒன்றுக்குள் ஒன்று செருகலாம்.

அதைவிட நான் நம்புவது தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும், அதாவது டியூபில் காற்றடிக்கும் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாயும். கழிவுப் பொருளில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தா 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேச கிராமத்துப் பள்ளிகளில் வேலை செய்தபோது கண்டுபிடித்த முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிடுங்கள். வால்டியூபை விரற்கடை நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் மடங்குகிற மூட்டு கிடைத்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம் செய்யச் சொல்லுங்கள். சதுரத்தை அமுக்கினால் சரியும், முக்கோணம் அசையாது. சரிகிற சதுரத்தை எப்படி நிற்க வைப்பது என்று அவன் யோசிக்கும்போது நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. குறுக்கே இன்னொரு தீக்குச்சி வைத்துப் பார்ப்பான், எட்டாது. அப்புறம் விளக்குமாற்றில் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு ஓடி வருவான். அந்த நேரத்தை அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள், அம்மா. பக்கத்தில் உட்காருங்கள், கை மட்டும் நீட்ட வேண்டாம். அடுத்த முறை மேட்டூர் ரோட்டில் போகும்போது மின் கோபுரத்தில் எத்தனை முக்கோணம் என்று எண்ணச் சொல்லுங்கள்.

நுங்கு சீசனில் நுங்கு வண்டியும் செய்யணும். தின்று முடித்த இரண்டு குடுக்கை, அச்சுக்கு ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கோல். குடுக்கை ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, அச்சு இரண்டிலும் இறுக்கம் என்றால் வண்டி சின்னது இருக்கும் பக்கமாகவே திரும்பும். ஒரே சுற்றில் பெரிய சக்கரம் அதிக தூரம் போய்விடுகிறதே. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், குடுக்கைகளை மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கரண்டில் ஓடுகிற எதையும் அவன் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கபாசிட்டர் என்கிற பாகத்தில் கரண்டு தங்கியிருக்கலாம். அத்தைக்கும் இது ஆறுதலாக இருக்கும்.

ஏற்காடு டீச்சர்:

பட்டன் பேட்டரியையும் சேர்த்துச் சொல்கிறேன். விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். ரிமோட், பொம்மை, கைக்கடிகாரம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. குட்டிக் காந்தங்களும் அப்படித்தான், இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

எங்கள் பிள்ளைகளுக்கு மலைச் சரிவுதான் பட்டறை. மழை விட்டதும் பாக்கு மட்டையில் வாய்க்கால் விடுவார்கள், மண்ணில் அணை கட்டுவார்கள். அணை பெரும்பாலும் அடியில்தான் பிய்த்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டால், பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பிக் காட்டுவேன். கீழ் ஓட்டையில்தான் வேகமாகப் பீய்ச்சும். இதைச் செய்தபின் மேட்டூருக்குக் கூட்டிப்போனால் 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் சுவர் ஏன் அடியில் அவ்வளவு அகலம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

கஞ்சமலைக்காரன்:

கெட்டுப்போன ஸ்பீக்கரின் பெரிய காந்தத்தை பாலிதீன் கவரில் போட்டு எங்கள் மலை ஓடை மணலில் இழுக்கச் சொல்லுங்க அக்கா. கறுப்புத் தூள் அப்பிக்கொள்ளும். மேக்னடைட், இரும்புத் தாது. கவரை உருவினால் தூள் கீழே கொட்டிவிடும். அதைத் தாளில் பரப்பி அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூள் எழுந்து நிற்கும்.

மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் கிடைத்தால் அதில் எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்க, முட்டை ஓட்டிலும் விடச் சொல்லுங்க. ஓடு நுரைக்கும், கல் பெரும்பாலும் சும்மா இருக்கும். பார்வைக்கு இரண்டும் சுண்ணாம்பு நிறம். ஆனால் கல் மாக்னசைட் என்கிற வேறு தாது, சூடாக்காத சாறுக்கு லேசில் மசியாது.

அஸ்தம்பட்டி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் ஐயா, மூன்று குச்சி ஒரே இடத்தில் சேரணும் என்றால் எப்படி? கூடாரம் மாதிரி ஒன்று கட்டக் கேட்கிறான்.

கொண்டலாம்பட்டி தறி மெக்கானிக்:

வால்டியூபின் நடுவில் ஊசியால் குத்தி, அந்த ஓட்டையில் மூன்றாவது குச்சியைச் செருகணும். குத்துவது உங்கள் வேலை, செருகுவது அவன் வேலை. குச்சி முனையைக் கொஞ்சம் சீவிவிட்டால் எளிதாக நுழையும்.