வயதான பெற்றோருடன் இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு வாரம்: எப்படிப்பட்ட காட்டேஜ் எடுப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து லண்டனுக்கு வருகிறார்கள். அக்கா குடும்பத்தையும் சேர்த்து எட்டுப் பேராகக் கிராமப்புறத்தில் ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகவும் வேண்டியிருக்கும். சமையலை நாங்களே பார்த்துக்கொள்வோம். காட்ஸ்வோல்ட்ஸ், லேக் டிஸ்டிரிக்ட், பீக் டிஸ்டிரிக்ட் ஆகிய மூன்றில் எது பொருத்தமாக இருக்கும்? விளம்பரப் படங்களில் எல்லா வீடுகளும் கல்சுவரும் ரோஜாக்கொடியுமாக ஒன்றுபோலவே தெரிகின்றன.

மறுமொழி 1:
வட்டாரத்தைப் பிறகு முடிவு செய்யலாம். முதலில் வீட்டு உரிமையாளரிடம் தரைத்தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பல பழைய காட்டேஜ்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பண்ணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் மாடிப்படிகள் ஏணியைப் போலச் செங்குத்தாகவும், ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய அகலத்திலும் இருக்கும். சிலவற்றில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கயிறுதான் தொங்கும். குளியலறையைப் பிற்காலத்தில் சமையலறைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டியிருப்பார்கள் என்பதால், படுக்கையறை மேலேயும் கழிப்பறை கீழேயும் அமைந்துவிடுவது மிகச் சாதாரணம். அம்மாவுக்கு அது ஒத்துவராது. தரைத்தளத்திலேயே படுக்கையறையும் அதையொட்டிக் கழிப்பறையும் உள்ள, தானியக் களஞ்சியத்தை மாற்றிக் கட்டிய வீடுகளைத் தேடுங்கள். அழகில் ஒரு மாற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை.

‘எட்டுப் பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தால், அதில் இருவர் கூடத்து சோபாவில் படுப்பவர்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்றால், உத்தரங்கள் தலையில் இடிக்கும் உயரத்தில் இருந்தாலும் உரிமையாளர் நினைத்தபடி எதையும் மாற்றிவிட முடியாது.

மறுமொழி 2:
சமையல் பற்றி ஒரு செய்தி. பண்ணை வீடுகளில் பெரும்பாலும் ‘ஆகா’ என்னும் கனத்த இரும்பு அடுப்பு இருக்கும். அதில் சுடரே கிடையாது. மூடி போட்ட இரண்டு வட்டத் தட்டுகள் எந்நேரமும் சூடாகவே இருக்கும், ஒன்று கொதிக்க வைக்க, மற்றொன்று சிறுசூட்டில் வேகவைக்க. அடி தட்டையான பாத்திரம்தான் அதற்குச் சரிப்படும். குக்கரை முதல் தட்டில் வைத்து, விசில் வந்ததும் இரண்டாவதற்கு நகர்த்திவிடலாம். சிறுசூட்டுத் தட்டின் மேலேயே நேராக மாவை ஊற்றி இங்கிலாந்துக்காரர்கள் தடித்த அப்பம் சுடுவது வழக்கம். தோசைக்கல் மறந்துபோனாலும் ஊத்தப்பத்துக்குக் குறை வராது. கோடையில் சிலர் ஆகாவை அணைத்துவிடுவதுண்டு. வேறு மின்னடுப்பு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகும் வீடாக இருந்தால், குழந்தைகளின் ஈரத்துடைப்பான் தாளைக் கழிப்பறையில் போடவே கூடாது. தாளித்த எண்ணெயையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

மறுமொழி 3:
வயதானவர்களோடு போவதென்றால் என் தேர்வு பீக் டிஸ்டிரிக்ட்தான். அங்கே பேக்வெல் என்னும் ஊருக்கு அருகே மான்சல் டிரெயில் என்னும் நடைபாதை இருக்கிறது. 1968இல் மூடப்பட்ட ரயில் பாதையைத்தான் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்ற இறக்கமே தெரியாது, சக்கர நாற்காலியும் உருண்டு போகும். 2011இல் ரயில் சுரங்கப் பாதைகளையும் திறந்துவிட்டதால் குழந்தைகளுக்கும் குதூகலம். லேக் டிஸ்டிரிக்ட் அழகில் குறைந்ததன்று. ஆனால் ஆகஸ்டில் அங்குள்ள விண்டர்மியர் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும்.

ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் வாடகை உச்சத்தில் இருக்கும். அதைத் தவிர்க்கப் பள்ளி நாட்களில் பிள்ளைகளை அழைத்துப் போகலாமென்றால், அனுமதியில்லாமல் ஐந்து நாள் வராவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு அபராதம் விதிக்க இடமுண்டு. பெரும்பாலான வீடுகளில் பழைய விருந்தினர் போய்ப் புதியவர் வருவது வெள்ளி அல்லது சனிக்கிழமைதான். அதற்கேற்ப விடுப்பு எடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தரைத்தள அறையை முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்கிறோம். அத்தான் இந்திய உரிமத்துடன் வண்டி ஓட்டலாமா?

மறுமொழி 1:
உரிமம் செல்லுபடியாக இருக்கும்வரை, இங்கே வந்த நாளிலிருந்து 12 மாதங்கள் கார் ஓட்டலாம். வாடகைக் கார் என்றால் அந்த நிறுவனத்தின் விதிகளையும் பாருங்கள். கிராமத்துச் சாலைகள் இருபுறமும் வேலி உயர்ந்த ஒற்றைத் தடமாக இருக்கும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும். ஆகவே பெரிய வேனுக்குப் பதில் இரண்டு சிறிய கார்களே வசதி. சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைகிறீர்களென்றால், மளிகையை வழியிலேயே வாங்கிவிடுங்கள். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும்.