கழற்றி மாட்டும் தோட்டத்து ஷெட்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கிருஷ்ணா நகர் வாசி, புதுச்சேரி

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்தாகிவிட்டது. ஆனாலும் ராத்திரியில் எதுவாவது சுவரில் மோதுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இங்கே சொன்னாலாவது மனசு கொஞ்சம் லேசாகுமா என்று பார்க்கிறேன்.

எங்களுடையது ஆறுக்கு நாலு அடி பிளாஸ்டிக் ஷெட். தகரம் துருப்பிடிக்கும் என்றுதான் பிளாஸ்டிக் வாங்கினோம். நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மதியம் மூன்று மணிக்குள் மாட்டி முடித்தோம். ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற ரகம்தான், உங்களுக்கே தெரியும். கீழே மணல் பரப்பி பேவர் பிளாக் போட்டிருந்தோம். தரைத்தட்டின் நாலு மூலையிலும் போல்ட் இறக்க ஓட்டை இருந்தது. உள்ளே இவ்வளவு சாமான் வைக்கப்போகிறோம், அந்த எடையே போதும் என்று ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. கரண்ட் இல்லை. மூன்று மணி இருக்கும், சமையலறைப் பக்கம் டொம், டொம் என்று யாரோ கதவை இடிக்கிற மாதிரி சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து "இதோ வரேன்" என்று குரல் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்து டார்ச் அடித்தால், ஷெட் இடத்தை விட்டுக் கிளம்பி, மிதந்து வந்து, அதன் மூலையால் எங்கள் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறது. இடிக்க இடிக்கக் கதவு திறக்கிறது. பெயின்ட் வாளி, விதைப் பொட்டலம், பிள்ளையின் பழைய பந்து எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கடைசியில் அப்பாவின் கருவிப் பெட்டி சரிந்தது. அப்பா தச்சு வேலை செய்தவர்.

மறுநாள் ராணுவத்தார் வந்து எங்கள் பகுதியில் சிக்கியவர்களை மீட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றைத் தோண்டிப் பார்த்ததில் இரண்டு உளி கிடைத்தது. இழைப்புளி கிடைக்கவே இல்லை.

இப்போது மறுபடியும் ஷெட் வாங்க வேண்டியிருக்கிறது. எது நல்லது என்று கேட்கவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சில்வர் பீச் ரோடு, கடலூர்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. பிளாஸ்டிக் மிதக்கும் என்று எனக்கும் தோன்றியிருக்காது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிட எடை குறைந்ததுதானே. உள்ளே காலி டப்பாக்களும் இருந்தால் தூக்கத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் தகர ஷெட். கடல் நடந்து போகிற தூரம். ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, மேலே பச்சை பெயின்ட். தகடு பத்து வருஷம் துருப்பிடிக்காது என்று அட்டையில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை, தகடு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. போல்ட்டைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை கிடையாது, நானும் கேட்கவில்லை.

வாங்கி இரண்டாவது ஐப்பசி. கதவு இழுக்க வரவில்லை என்று பக்கத்துத் தகட்டைக் கழற்றப் போனேன். ஸ்பேனரை வைத்து அழுத்தக்கூட இல்லை, போல்ட்டின் தலை உள்ளங்கையில் வந்து விழுந்தது, நமுத்துப்போன பிஸ்கட் மாதிரி. அடுத்ததும் அப்படியே. கிழக்குச் சுவரில் பதினாறு போல்ட்டில் பதினொன்று போய்விட்டது. மேற்குச் சுவரில் ஒன்றுகூடப் போகவில்லை. கடலைப் பார்த்த பக்கத்தை மட்டும் உப்புக்காற்று தின்றிருக்கிறது. என் பையன் அந்தப் பதினொரு தலையையும் ஒரு பாட்டில் மூடியில் பொறுக்கிக் கொண்டுவந்து நீட்டினான்.

அதே சுவரில்தான் சாக்பீஸால் ஸ்டம்ப் வரைந்து பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த பாட்டில் மூடி கண்ணை விட்டுப் போகவில்லை.

கொலு வீடு, முத்தியால்பேட்டை

நான் சொல்லப்போவது புயலும் இல்லை, துருவும் இல்லை.

வீட்டுக்குள் இடம் போதவில்லை என்று மாமியாரின் கொலு பொம்மைகளைப் பின்கட்டில் இருந்த தகர ஷெட்டுக்கு மாற்றியது நான்தான். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள், அவர் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து சேர்த்தவை. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியைப் பலகை மேல்தான் வைத்தேன். ஒரு சொட்டு மழைகூட உள்ளே இறங்கவில்லை.

ஆனால் மார்கழிப் பனியில் ஒரு நாள் விடியற்காலையில் தேங்காய் எடுக்கப் போனபோது, கூரையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். அது என்ன என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பகலில் உள்ளே நிற்க முடியாத வெக்கை, விடியலில் அந்த வேர்வை. மாதக்கணக்கில் இப்படியே நடந்திருக்கிறது.

புரட்டாசியில் பெட்டியைப் பிரித்தோம். அம்மன் பொம்மையைச் சுற்றிய தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் உரித்தேன். கன்னத்துப் பெயின்ட் தாளோடு வந்துவிட்டது, மீதி இருந்த இடத்தில் செய்தித்தாள் எழுத்து இடம் வலமாகத் திரும்பிப் பதிந்திருந்தது. அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

முந்திரித்தோப்பு, பண்ருட்டிப் பக்கம்

பிளாஸ்டிக்கா தகரமா, போல்ட்டா பனியா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தானே புயலைத் தோப்புக்குள் இருந்து பார்த்தவர்கள் இந்த வம்புக்கே போக மாட்டார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. மணிக்கு 140 கி.மீ. காற்று. இந்தப் பக்கம் முந்திரியும் பலாவும் எப்படிப் போயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று அடங்கித் தோப்புக்குப் போனால், தாத்தா வைத்த பலா மரம் ஒன்று மட்டும் நின்றது. அதன் நடுமரத்தில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு நீலத் தகரம் சொருகியிருந்தது. நாலு விரல் ஆழம். கத்தியை வைத்து அழுத்திய மாதிரி பால் வடிந்துகொண்டிருந்தது. கையால் தொட்டதும் தகரம் அதிர்ந்து முனகியது.

சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் நீலத் தகர ஷெட் கிடையாது. எல்லாரையும் கேட்டுவிட்டேன். எங்கிருந்து பறந்து வந்ததோ, வழியில் எதன் மேல் பட்டு வந்ததோ தெரியாது. எனக்கு இன்றைக்கும் அதுதான் உறுத்தல்.

முதலில் எழுதிய தம்பிக்கு: அந்த நாலு ஓட்டையை விட்டது தப்பு. உங்கள் நஷ்டம் பெரிதுதான், ஆனால் அது வேறொருவர் ஜன்னலில் மோதியிருந்தால்? கடலோரத்தில் இந்த மாதிரி லேசான சாமானே வேண்டாம். செங்கல் வைத்துக் கட்டுங்கள்.

பழைய ஃபிட்டர், அரியாங்குப்பம்

பண்ருட்டி நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. செங்கல் கட்ட எல்லாருக்கும் வசதி இருக்காது. ஒழுங்காகக் கட்டிப்போட்டால் லேசான ஷெட்டும் நிற்கும்.

என் அனுபவம் சின்னது. எதிர்வீட்டுப் பையன் தகர ஷெட் மாட்டிவிட்டுக் கூப்பிட்டான். இரண்டு கதவும் மேலே முட்டுகிறது, கீழே மூன்று விரல் சந்து. கம்பெனிக்காரன் கதவைத் தப்பாக அனுப்பிவிட்டான் என்று ஒரே கோபம். தரையில் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு குறுக்களவுக்கும் மறு குறுக்களவுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். அவன் முகம் விழுந்துவிட்டது. அறுபது எழுபது போல்ட்டையும் கழற்றினோம்.

அதனால் சொல்கிறேன், வேலை முழுக்கத் தரையில்தான் இருக்கிறது. சரியாக ஆறுக்கு நாலு அடி என்றால் குறுக்களவு இரண்டும் ஏழடி இரண்டரை அங்குலம் வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் மூலை மட்டம் சரி. பிறகு ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் பாருங்கள். மணல் மேல் பேவர் பிளாக் வேண்டாம், ஒரு மழையில் மணல் ஓடிவிடும். நாலு அங்குலம் கான்கிரீட் போடுங்கள், அதற்குக் கீழே பாலிதீன் விரியுங்கள், மண் ஈரம் மேலே வராது. ஷெட்டைவிடத் தளம் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், ஷெட்டைத் தளத்தோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட்டை ஓரத்துக்கு ரொம்பக் கிட்டே அடித்தால் கான்கிரீட் பிளந்துவிடும். ஷெட்டுக்கு வெளியே நிற்கிற அந்த ஓரத்தை வெளிச்சாய்வாகப் பூசுங்கள்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி விடுங்கள். கூரை ஏறிய பிறகுதான் ஸ்பேனர். முதலிலேயே முடுக்கிவிட்டால் கடைசி ஓட்டை ஒத்து வராது, அப்புறம் சுத்தியலைத் தேடுவீர்கள். ரப்பர் வாஷர் வெளியே பிதுங்கினால் அதிகம் முடுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். காலையில் தொடங்குங்கள். நம் ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும், கூரைத் தகட்டை அந்த நேரத்தில் தூக்கக் கூடாது. கையுறை இல்லாமல் தகட்டைத் தொடவே கூடாது.

காற்றுக் கணக்கு ஒன்று. மணிக்கு 90 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் 38 கிலோ அளவுக்குத் தள்ளும். ஆறடிக்கு ஆறடிச் சுவர் என்றால் 125 கிலோவுக்கு மேல். தானே மாதிரி 140 கி.மீ. என்றால் சதுர மீட்டருக்கே 90 கிலோ. ஷெட்டின் எடை நாற்பது ஐம்பது கிலோதான் இருக்கும். சாமான் எடையை நம்பலாமா என்று நீங்களே பாருங்கள்.

முத்தியால்பேட்டை அம்மாவுக்கு: உங்கள் மேல் தப்பில்லை. தகரம் விடியலில் குளிரும், உள்ளே இருக்கிற ஈரக்காற்று அதில் பட்டு வேர்க்கும். எதிரெதிர்ச் சுவரில் மேலே காற்றுத் துவாரம் வேண்டும், கூரைக்குக் கீழே ஃபோம் ஷீட் ஒட்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் பொம்மை, பட்டு, போட்டோ வைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் உரமும் தகர ஷெட்டுக்கு எமன். கேஸ் சிலிண்டரைப் பூட்டிய ஷெட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

வாடகை வீடு, ரெட்டியார்பாளையம்

ஐயா, எல்லாம் சரி. தரையில் துளை போடக் கூடாது, கான்கிரீட் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் என்ன செய்வது? எங்களைப் போல இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கழற்றி மாட்டுகிற ஷெட்டே. ஆங்கர் இல்லாமல் நிற்காது என்று எனக்கும் தெரியும். அதனால் புயலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டையே கழற்றிப் படிக்கட்டுக்குக் கீழே அடுக்க முடிவு செய்தேன். நானும் ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணும்தான்.

கூரையில் கடைசித் தகடு. நான் ஸ்டூல் மேல், அவள் கீழே. அப்போது ஒரு காற்று வந்தது. தகடு பாய் மாதிரி உப்பி மேலே எழும்பியது. அவள் இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். "விடுடி, விடு" என்று கத்துகிறேன், அவள் விடவில்லை. காற்று தணிந்து கீழே இறங்கினபோது உள்ளங்கையில் ரத்தம். நாலு தையல்.

ஏன் விடவில்லை என்று பிறகு கேட்டேன். "விட்டா பக்கத்து வீட்டுப் பாட்டி மேல போயிருக்கும்மா" என்றாள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஷெட் முழுசாகக் கழற்றியாகிவிட்டது, புயலில் ஒன்றும் ஆகவில்லை. கழற்றுவதாக இருந்தால் எச்சரிக்கை வந்த முதல் நாளே கழற்றிவிடுங்கள், காற்று ஏறுகிற வரை காத்திருக்காதீர்கள். பாகங்களில் ஒட்டி வருகிற எண் ஸ்டிக்கர் ஒரு வெயிலில் உரிந்துவிடும், மார்க்கரால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சில்வர் பீச் ரோடு, கடலூர்

அக்கா, பாப்பாவின் கை எப்படி இருக்கிறது? ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஃபிட்டர் ஐயா தளத்தைப் பற்றி இவ்வளவு சொன்னார், போல்ட் என்ன ரகம் என்று சொல்லவில்லை. கடலோரத்தில் அதுதான் முதல் பிரச்சினை. நான் எல்லாவற்றையும் 316 என்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிட்டேன். சாதாரணமாகக் கிடைக்கிற 304ஐவிட உப்பைத் தாங்கும். விலை கூடத்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் ஒரு பாக்கெட் காந்தத்தில் பச்சென்று ஒட்டியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாக்கெட்டில் காந்தம் வைத்துக்கொண்டு போங்கள்.

கிருஷ்ணா நகர் வாசி, புதுச்சேரி

எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணின் குதிகால் எழும்பிய இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

பண்ருட்டி ஐயா, நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் சுவரில் மோதி நின்றது, அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அதை நான் இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

இன்று காலை கொத்தனார் வந்தார். ஃபிட்டர் ஐயா சொன்னபடி நூல் பிடித்தோம். முதலில் அரை அங்குலம் தள்ளியிருந்தது, முளையை நகர்த்தி இரண்டு குறுக்கும் ஏழடி இரண்டரையில் நிறுத்திவிட்டோம். தளத்தைத் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துகிறோம், நாளை மறுநாள் கான்கிரீட். சமையலறைச் சுவரில் ஷெட் இடித்த பள்ளத்தைப் பூசட்டுமா என்று கொத்தனார் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் இரண்டு உளியும் இனி ஷெட்டுக்குப் போகாது. எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம்.