ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குழுவில் ஐடியா வரவில்லை. பெயரை மறைத்தால் சரியாகுமா?

கெடிலக்கரை கேட்டது:
ஹோம்ஸ்டே புக்கிங் பார்க்கும் 9 பேர் குழு. 5 பேர் பாண்டி ஆபீஸில் ஒரே அறை, 3 பேர் கடலூரில் அவரவர் வீடு, ஒருவர் சென்னை. வியாழன்தோறும் ஒரு மணி நேரம் வீடியோ மீட்டிங்கில் புது யோசனை கேட்கிறோம். பேசுவது அதே 3 பேர், மூவரும் பாண்டி ஆபீஸ். மற்றவர்கள் 'நல்லாருக்கு சார்' என்பதோடு சரி. பெயர் தெரியாமல் எழுதச் சொன்னால் மாறுமா, இல்லை அதைச் சாக்காக வைத்து நழுவிவிடுவார்களா? போன வாரக் கேள்வி: 'கஸ்டமரை அதிகப்படுத்த என்ன செய்யலாம்?'

வடம்பிடி:
இரண்டும் நடக்கும். உங்கள் குழுவுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் பேச முடியும். 60 நிமிடத்தை 9 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 7 நிமிடம்கூடத் தேறாது. காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை மறந்துபோகும், இல்லையென்றால் 'இது தேறாது' என்று தானே அழித்துவிடுவார்கள். கூடிப் பேசும் குழுவைவிட, தனித்தனியே எழுதிச் சேர்த்தால் அதிக யோசனை வருகிறது என்பது 1958-இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. அதற்குப் பெரிய காரணம் இந்தக் காத்திருப்புதான் என்று 1987-இல் உளவியலாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் பிரித்துக் காட்டினார்கள்.

இரண்டாவது, வடத்தில் கை மட்டும் வைப்பது. வில்லியனூர் தேரில் எத்தனை பேர் உண்மையில் இழுக்கிறார்கள், எத்தனை பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்க வைத்து அளந்ததில், 8 பேர் சேர்ந்தபோது தலைக்கு ஏறக்குறையப் பாதி பலம்தான் வந்தது. ஆட்கள் ஒத்து இழுக்காததும் காரணமாக இருக்கலாமே என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 1974-இல் இங்கம் குழுவினர் கண்ணைக் கட்டிவிட்டார்கள். பின்னால் ஆள் இருப்பதாக நம்பியவர், உண்மையில் தனியே இழுத்தபோதும் பலத்தைக் குறைத்தார்.

மூன்றாவது, கூச்சம். பெயரை மறைப்பது இந்த மூன்றாவதுக்கு மட்டும்தான் மருந்து. இரண்டாவதை அது மோசமாக்கும்.

முத்தியால்பேட்டை:
கூச்சத்துக்கும் அது எப்போதும் மருந்து இல்லை, வடம்பிடி. முகமும் பெயரும் மறைந்தால் ஆள் சுதந்திரமாகிவிடுவார் என்று நினைக்கிறோம். உளவியலாளர்கள் ரைச்சர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மஸ் மூவரும் 1995-இல் முன்வைத்த விளக்கம் வேறு. தனி ஆள் மங்கும்போது, 'நாங்கள் யார், எங்களுக்குள் எது வழக்கம்' என்பது இன்னும் பளிச்சென்று தெரியும். 'லீடு (குழுவை நடத்தும் மேலாள்) சொன்னதைத் தாண்டாதே' என்பது வழக்கமாக இருந்தால், பெயர் மறைத்தபிறகும் தாண்ட மாட்டார்கள். வழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

நடைமுறையில்: யோசனை எழுதும் ஷீட்டை லீடு முதல் 20 நிமிடம் திறக்கவே கூடாது. 'பெயர் தெரியாது' என்று சொல்லிவிட்டு எல்லோரையும் லாகின் செய்ய வைத்தால், கூகுள் ஷீட்டில் யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பெயரோடு காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு நாளோடு நம்பிக்கை போச்சு. அதற்குப் பதில் மின்னஞ்சல் பதியும்படி கூகுள் ஃபார்ம் வையுங்கள். நடத்துபவர் ஒருவருக்கு மட்டும் யார் என்ன, எத்தனை எழுதினார் என்று தெரியும். அதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குழுவுக்குப் போவது கலைத்துப்போட்ட பட்டியல். நழுவவும் முடியாது, கூசவும் தேவையில்லை. 9 பேரில் எழுத்துநடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் (ஒருவர் 'வேணும்', இன்னொருவர் 'வேண்டும்'), அதனால் நடத்துபவர் லேசாகத் திருத்திவிட்டுப் போட வேண்டும்.

கெடிலக்கரை:
ஃபார்ம் யோசனை புரிகிறது. பாண்டி டீம், கடலூர் டீம் என்று போட்டி வைத்தால் ஒட்டுதல் கூடுமா?

சோனாங்குப்பம் கணக்கர்:
கூடும், ஆனால் தப்பான இடத்தில். ஏற்கெனவே அறை ஒரு கோடு போட்டிருக்கிறது, அதன்மேல் மை ஊற்றுகிறீர்கள். கோட்டைக் குறுக்கே வெட்டுங்கள். மூன்று மூன்றாக: இரண்டு குழுவில் பாண்டி 2, கடலூர் 1. மூன்றாவதில் பாண்டி, கடலூர், சென்னை ஆளுக்கொருவர். குழுவுக்கு ஊர்ப் பெயர் வேண்டாம், எடுத்த வேலையின் பெயர்: 'மழைக்கால புக்கிங்', 'திங்கள் காலை' என்பது போல.

கேள்வியையும் மாற்றுங்கள். 'கஸ்டமரை அதிகப்படுத்த' என்றால் 'இன்ஸ்டாகிராம், தள்ளுபடி' என்பதைத் தாண்டாது. 'ஞாயிறு மதியம் அறையைக் காலி செய்யும் சென்னைக் குடும்பம் இன்னொரு இரவு தங்க என்ன காரணம் கொடுக்கலாம்?' என்று கேட்டால் பிச்சாவரம் படகு, தேவனாம்பட்டினம் கடற்கரை, திங்கள் விடியற்காலை பேருந்துக்குக் கட்டுச்சோறு என்று கையில் பிடிக்கிற மாதிரி வரும்.

நேரம்: முதல் 8 நிமிடம் தனியாக, ஃபார்மில், தலைக்குக் குறைந்தது 6 யோசனை. இலக்கு எண் சொல்லாவிட்டால் மெதுவாக எழுதுபவரின் அளவுக்கு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அடுத்த 15 நிமிடம், 1968-இல் ரோர்பாக் கொடுத்த 6-3-5 முறையைச் (6 பேர், தலைக்கு 3 யோசனை, சுற்றுக்கு 5 நிமிடம்) சுருக்கி: மூவரும் 5 நிமிடத்தில் 3 யோசனை எழுதி அடுத்தவருக்குத் தள்ளுவது, மூன்று சுற்று. குழுவுக்கு 27, மொத்தம் 81. தனியாக எழுதும் கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். அடுத்தவர் எழுதியதை முதலிலேயே பார்த்தால் எல்லா மாடும் ஒரே வரப்பில்தான் போகும்.

பாண்டி அறை ஐவரும் ஒரே பெரிய திரை, ஒரே மைக் என்று உட்காரக் கூடாது. ஆளுக்கொரு லேப்டாப், ஹெட்செட், பேசாதபோது மைக் மியூட். இல்லாவிட்டால் எதிரொலிக்கும், அதைவிட அங்கே நடக்கும் கிசுகிசு கடலூருக்குக் கேட்காது.

வடம்பிடி:
கேமராவைக் கட்டாயமாக்கிவிடாதீர்கள். 2022-இல் 'நேச்சர்' இதழில் பிரக்ஸ், லெவாவ் வெளியிட்ட ஆய்வில், நேரில் பேசிய ஜோடிகளைவிட வீடியோவில் பேசியவர்களுக்கு யோசனை குறைவு. கண் திரையிலேயே ஒட்டிக்கொள்கிறது, அதனோடு சிந்தனையும் குறுகுகிறது என்கிறார்கள். 5 நாடுகளில் பொறியாளர்களை வைத்தும் பார்த்தார்கள், அதில் இந்தியாவும் உண்டு. ஆனால் வந்த யோசனைகளில் எதைத் தேர்வது என்பதில் வீடியோ சளைக்கவில்லை. எனவே எழுதும் 23 நிமிடம் கேமரா ஆஃப். தேர்வுக்கு மட்டும் ஆன்.

முத்தியால்பேட்டை:
ஒன்று விட்டுப்போச்சு. ஃபார்மில் 'தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம்' என்று முதல் வரியிலேயே போடுங்கள். இங்கே பாதிப் பேர் சும்மா இருப்பது யோசனை இல்லாமல் அல்ல, இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்றுதான். தட்டச்சு வராதவர் நடத்துபவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பட்டும், அதே 8 நிமிடத்துக்குள்.