ஸ்டெயின்வே தாத்தாவை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்குக் குடிவந்த புதிதில் ஸ்டெயின்வே தெரு என்றால் எனக்கு மளிகை வாங்கப் போகும் தெரு, அவ்வளவுதான். அது ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த ஒரு தச்சரின் குடும்பப் பெயர் என்பது மகள் பியானோ கற்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அவளுடைய டீச்சர் "ஸ்டெயின்வே பியானோ தொழிற்சாலையே உங்கள் ஏரியாவில்தான் இருக்கிறது, ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். சரி என்று போனோம்.

அங்கே பார்த்ததில் ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேப்பிள் மரத்தை மெல்லிய நீளப் பட்டைகளாக அறுத்து, பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினேழு பதினெட்டு அடுக்கு வரை சேர்த்து, ஐந்தாறு பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்து, கிராண்ட் பியானோவின் (கம்பிகள் படுக்கைவசமாக ஓடும் பெரிய வகை) வடிவத்தில் இருக்கும் ஒரு பெரிய அச்சைச் சுற்றி வளைக்கிறார்கள். பசை இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். யாரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் உடம்பின் மொத்த எடையையும் போட்டு மரத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் திருகை முறுக்குகிறார், அடுக்குகளுக்கு நடுவிலிருந்து பசை பிதுங்கி வழிகிறது. என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வளைக்கும் முறைக்கு 1880 வாக்கில் காப்புரிமை வாங்கியவர் அந்தத் தச்சரின் மூத்த மகன் தியோடர்.

வீட்டுக்கு வந்து அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. ஹைன்ரிக் எங்கல்ஹார்ட் ஸ்டைன்வெக். அமெரிக்கா வந்த பிறகுதான் அந்தப் பெயர் ஸ்டெயின்வே ஆனது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் உள்ள வோல்ஃப்ஸ்ஹாகன் கிராமத்தில் 1797இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவையும் சகோதரர்களையும் மின்னல் தாக்கிப் பறிகொடுத்தார் என்று அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் சேசனில் மரவேலை செய்து, 1825இல் ஜூலியானாவைக் கல்யாணம் செய்துகொண்டு, வரிசையாகப் பிள்ளைகள் பெற்று, 1836இல் வீட்டுச் சமையலறையில் வைத்தே ஒரு கிராண்ட் பியானோ செய்தார். இன்றும் அதற்குச் சமையலறைப் பியானோ என்றுதான் பெயர். அடுப்பு ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம், நடுவில் அவ்வளவு பெரிய பெட்டி. அந்த அம்மா எப்படித்தான் சமாளித்தாரோ!

1850இல் ஹாம்பர்க்கிலிருந்து ஹெலனே ஸ்லோமன் என்ற நீராவிக் கப்பலில் குடும்பத்தோடு நியூயார்க் வந்து இறங்கும்போது அவருக்கு வயது 53. ஊரில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர், இங்கே கிட்டத்தட்ட மூன்று வருடம் அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு நின்றார். மகன்களும் அப்படித்தான், ஆளுக்கொரு இடத்தில். இந்த ஊர் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கற்றுக்கொண்ட பிறகுதான் 1853 மார்ச்சில் மன்ஹாட்டன் வாரிக் தெருவில் 'ஸ்டெயின்வே அண்ட் சன்ஸ்' தொடங்கினார்கள். அங்கே விற்ற முதல் பியானோவுக்கு 483 என்று எண் போட்டார்கள், ஜெர்மனியில் செய்த 482ஐயும் கணக்கில் சேர்த்து. கடல் தாண்டி வந்தவர் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

உங்களுக்கும் அவரோடு ஏதாவது ஒரு வழியில் பழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் பியானோ சுருதி சேர்க்கும் வேலை பார்க்கிறேன். தாத்தாவைவிட அவருடைய மகன் ஹென்றியோடுதான் எனக்குப் பழக்கம், அதுவும் தினமும்! எந்த கிராண்ட் பியானோவின் மூடியைத் தூக்கினாலும் தாழ்ந்த சுரங்களுக்கான, செம்பு சுற்றிய தடித்த கம்பிகள் மற்ற கம்பிகளுக்கு மேலே குறுக்காக ஓடும். கிராண்டில் அந்த அமைப்புக்கு 1859இல் காப்புரிமை வாங்கியவர் அவர். குறுக்காகப் போவதால் அதே பெட்டிக்குள் நீளமான கம்பி அடங்கும், அதன் அதிர்வும் ஒலிப்பலகையின் (அதிர்வை வாங்கி ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) ஓரத்தில் விழாமல் நடுப்பக்கமாக இறங்கும். அடி சுரம் வயிற்றில் வந்து இறங்குகிறதே, அந்த கனத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்போது எந்தக் கம்பெனி பியானோவைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

ஹென்றி காசநோயில் போனபோது வயது 34. அது 1865 மார்ச். அதே மாதம் இன்னொரு மகன் சார்லஸும் ஜெர்மனிக்குப் போன இடத்தில் டைபாய்டில் இறந்துவிட்டார். ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகள்! இதை முதலில் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. தாத்தாவுக்கு அப்போது 68 வயது. இதற்கு அப்புறம்தான், ஜெர்மனியிலேயே தங்கித் தனியாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த தியோடர் அங்கிருந்த பங்கை விற்றுவிட்டு அப்பாவிடம் வந்து சேர்ந்தார்.

*

மகன்கள் மகன்கள் என்றே பேசுகிறோம், மகள் டோரெட்டாவை விட்டுவிடாதீர்கள். ஆரம்ப நாட்களில் பியானோ விற்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்க வந்தவர்கள் தயங்கினால், நானே வாசிக்கச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி விற்பாராம். பெயர்ப்பலகையில் 'சன்ஸ்' மட்டும்தான் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

*

ப்ரூக்ளின் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்துக்கு என் தோழியோடு ஒருமுறை போயிருந்தேன். அங்கே அந்தக் குடும்பத்துக்கென்று கருங்கல்லில் ஒரு பெரிய மண்டபமே இருக்கிறது, வீடு மாதிரி. 1871இல் இறந்த தாத்தா அங்கேதான் இருக்கிறார். ஒருவருக்கென்று கட்டியதில்லை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சேர்த்து இடம் விட்டுக் கட்டியது. கதவருகே உதிர்ந்த ஓக் இலைகள் குவிந்து கிடந்தன. தோழி குனிந்து அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய அப்பா நாற்காலி செய்கிறவர்.

*

தொடங்கியவருக்கு: உங்கள் மகள் கற்றுக்கொள்ளும் பியானோ எது? ஸ்டெயின்வே என்றால் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டத்தில் வரிசை எண் இருக்கும், அதை வைத்து எந்த வருடம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

*

டீச்சர் வீட்டில் இருப்பது ஸ்டெயின்வேதான் தம்பி, அவருடைய பாட்டி காலத்தது. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, கேட்டுவிட்டு மூடியைத் திறந்து பார்க்கிறேன். மகள் இப்போதே டார்ச் எடுத்து பைக்குள் வைத்துவிட்டாள்.