மேடைவற்றும் களக்கட்டும்: 'லீன்' என்பதற்கு ஒரே சொல் போதாது

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

கொழுப்புக் குறைந்த, கட்டான உடலைச் சுட்டும் 'லீன்' (lean) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மெலிந்த' என்று எழுதலாம் எனச் சென்ற மடலில் மருத்துவ நண்பர் முன்வைத்ததையும், அதைக் கோவை அம்மையார் 'கொழுப்பற்ற' என்று திருத்தியதையும் படித்தேன். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. தமிழில் மெலிவு என்பது வலுக்குறைவையும் சேர்த்தே சுட்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைத்தான் மெலிந்துவிட்டார் என்கிறோம். நூறு மீட்டர் ஓட்டக்காரரை அந்தச் சொல்லால் குறித்தால், அவர் பந்தயத்துக்குப் போகிறாரா மருத்துவமனைக்குப் போகிறாரா என்று வாசகர் குழம்புவார். 'கொழுப்பற்ற' என்பதோ உண்மைக்கே புறம்பானது, ஏனெனில் கொழுப்பே இல்லாத உடலில் உயிர் தங்காது. (கொழுப்பு இல்லாதவர் என்றால் அடக்கமானவர் என்று ஊர் பொருள்கொள்வது தனிக்கதை.)

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். உடற்பயிற்சித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் அமெரிக்க அட்டவணையொன்று, உயிர்வாழத் தேவையான கொழுப்பை, உடல் எடையில் ஆண்களுக்கு 2 முதல் 5 விழுக்காடு என்றும் பெண்களுக்கு 10 முதல் 13 விழுக்காடு என்றும் வகுக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான வரம்பு ஆண்களில் 6 முதல் 13, பெண்களில் 14 முதல் 20. எலும்பு மஜ்ஜையிலும் மூளையிலும் நரம்புறைகளிலும் இருக்கும் அந்த முதல் பங்கை 'அத்தியாவசியக் கொழுப்பு' என்று பெயர்த்து வருகிறோம். ஆனால் 'அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்' என்றொரு சொல் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது; அது உடலால் ஆக்க முடியாததால் உணவிலிருந்தே பெறவேண்டியதைக் குறிப்பது. இரண்டையும் ஒரே பக்கத்தில் படிக்கும் மாணவர், முதலாவதையும் உணவில் தேடத் தொடங்குவார். உயிர்வளி என்ற சொல் நிலைத்துவிட்டதைப் போல இதனை 'உயிர்க்கொழுப்பு' என்றும், தோலடியிலும் பிற இடங்களிலும் சேமித்து வைக்கப்படுவதை 'வைப்புக்கொழுப்பு' என்றும் பிரித்தால் குழப்பம் தீரும். 'லீன் பாடி மாஸ்' என்பதும், அதன் பழைய, கண்டிப்பான பொருளில், வைப்புக்கொழுப்பை மட்டும் கழித்தபின் எஞ்சும் எடைதான். ஆகவே அது 'வைப்புநீங்கிய நிறை' ஆகும்.

இனி மையச் சிக்கலுக்கு வருகிறேன். மேடையில் நிற்கும் ஆணழகனின் கொழுப்பளவும், பத்து மாதம் நீளும் பருவம் முழுவதும் ஆடும் கால்பந்து வீரரின் கொழுப்பளவும் ஒரே வகைப் பொருள் அல்ல. இரண்டையும் 'குறைந்த உடற்கொழுப்பு' என்ற ஒரே தொடரால் குறிப்பதால்தான், கிரிக்கெட் வீரருக்கு 4 விழுக்காடு, ஓட்டக்காரருக்கு 3 விழுக்காடு என்றெல்லாம் நம் விளையாட்டுப் பக்கங்கள் கூசாமல் அச்சிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஓர் ஆணழகன் போட்டியின் ஒப்பனை அறைக்குள் போகும் வாய்ப்பு கிடைத்தது. முழங்கால் வரை கருஞ்சாயம் பூசியிருந்த ஓர் இளைஞர் தரையில் மல்லாந்து, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தார். தண்ணீரைப் புட்டியிலிருந்து குடிக்காமல், அதன் மூடியில் ஊற்றி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டார். கன்னம் ஒட்டியிருந்தது, மூடியைப் பிடித்த விரல்கள் நடுங்கின. பயிற்சியாளரைப் பார்த்து, "அண்ணே, நல்லா வத்திட்டேனா?" என்றார். அவர் குனிந்து பார்த்து, "கீழ்முதுகு இன்னும் கொஞ்சம் வத்தணும்டா" என்றார். உடற்பயிற்சிக் கூடங்களில் 'டிரை' என்றும் 'கட்டிங்' என்றும் சொல்பவர்கள்தாம், வாய் வறண்ட நேரத்தில் தாய்மொழிக்கு வந்துவிட்டார்கள்.

அந்த 'வற்று' என்ற சொல்லையே நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ஈழத்து நூல்களில் கடல்நீர் ஏறி இறங்குவதை வற்றுப்பெருக்கு என்பர். வற்றிய நீர் திரும்பப் பெருகியே தீரும் என்ற குறிப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆணழகரின் நிலையும் அதுவே. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஊக்கமருந்து எடுக்காத ஒரு போட்டியாளரைப் போட்டிக்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் தொடர்ந்து கவனித்தது. அவருடைய கொழுப்பு 14.8 விழுக்காட்டிலிருந்து 4.5க்கு இறங்கியது, ஓய்வுநிலை இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27 ஆனது, ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆறு மாதம் கழித்துக் கொழுப்பு 14.6 விழுக்காட்டுக்கு வந்து நின்றது. ஒரு மாலைப் பொழுதுக்காக வற்றி, பிறகு பெருகும் இந்த நிலைக்கு 'மேடைவற்று' என்று பெயரிடலாம்.

விளையாட்டு வீரருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் அடுத்த வாரமும் ஓடவேண்டும், மோதவேண்டும், காயத்திலிருந்து தேறவேண்டும். அவருடைய அளவை ஆட்டமே முடிவு செய்கிறது: பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் முன்வரிசையில் மோதித் தடுப்பவருக்கு 25 விழுக்காடு இருப்பது வியப்பில்லை, ஓரமாக ஓடிப் பந்தைப் பிடிப்பவர் 10க்கு அருகில் இருப்பார். இதற்கு, கட்டான உடல், கட்டுக்குலையாத உடல் என்ற வழக்கிலிருந்து 'களக்கட்டு' என்ற சொல்லை ஆக்கியிருக்கிறேன். 'களைகட்டு' என்பதோடு காதில் உரசுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடுவேன்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா, இவ்வளவு பிரிப்பதற்குப் பதில் எண்ணை மட்டும் சொன்னால் போதாதா எனக் கேட்டிருந்தார். எண்ணே தள்ளாடுகிறது, ஐயா. உயிருள்ளவரின் கொழுப்பை யாரும் நேரடியாக நிறுப்பதில்லை. நீரில் மூழ்கவைத்து அடர்த்தியைக் கண்டு, 495ஐ அந்த அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்துக் கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லும், சிரி என்ற ஆய்வாளரின் வாய்பாடு, கொழுப்பல்லாத திசுவின் அடர்த்தி எல்லோருக்கும் 1.1 என்று வைத்துக்கொள்கிறது. எலும்பும் தசையும் அதைவிட அடர்ந்த ஒரு வீரருக்கு விடை சுழிக்குக் கீழேகூடப் போகும். தோல்மடிப்பை இடுக்கியால் பிடித்து அளப்பதும், கைப்பிடியில் மின்னோட்டம் செலுத்தும் கருவியும் மூன்று நான்கு புள்ளிகள் வழுவுவது வழக்கம். ஆகவே 'உடற்கொழுப்பு அளவு' என்று எழுதாமல் 'உடற்கொழுப்பு மதிப்பீடு' என்றே எழுதவேண்டும் என்பேன்.

இன்ன உயரத்துக்கு இன்ன எடை என்று வகுக்கும் எடைப்பட்டியலை நம்பலாம் என்றால் அதுவும் கைவிடும். 1942இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பென்கியும் அவருடைய உடனாய்வாளரும் அதே அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை வீரர்கள் 25 பேரின் உடலடர்த்தியை அளந்தபோது, எடைப்பட்டியலின்படி படைக்குத் தகுதியற்ற பருமனர் எனத் தள்ளப்படக்கூடிய 17 பேர் அவர்களில் இருந்தனர்; அவர்களுள் பெரும்பாலோரின் எடை கூடியிருந்ததற்குக் காரணம் தசை. 'பருமன்' என்ற சொல்லை எடைக்கும் கொழுப்புக்கும் பொதுவாகப் புழங்கும் நமக்கும் இது பொருந்தும்.

பயன்பாட்டுக்கு ஒரு சொற்றொடர் தருகிறேன்: "களக்கட்டில் 10 விழுக்காடாக இருக்கும் மதிப்பீடு மேடைவற்றில் 5க்கு இறங்கும், அதற்குக் கீழே உயிர்க்கொழுப்பே கரையத் தொடங்கும்." இது வாசிக்கத் தடுமாற்றமாக இருந்தால் எந்தச் சொல்லில் இடறுகிறது என்று எழுதுங்கள். ஆணழகர் என்ற பெயர் பெண் போட்டியாளருக்கு எப்படிப் பொருந்தும் என்று அம்மையார் எழுப்பிய வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.